பற்றும் பளபளப்பும்

சமையலறையைப் பற்றி எழுதுவது நமது சிற்றிதழ்ச் சூழலில் ஒரு தனி வகைமையாகவே நிலைபெற்றுவிட்டது. பாட்டியின் வற்றல் குழம்பு, அம்மாவின் கைமணம், தீபாவளிக்கு முந்தைய இரவில் வாணலியில் சிவக்கும் முறுக்கு, ஊரை விட்டுப் போனவனின் நாவில் ஊறும் ஏக்கம். இவற்றை நானும் விரும்பிப் படிப்பவள்தான். ஆனால் இக்கட்டுரைகள் அநேகமாக எல்லாமே ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. சாப்பிட்டவர் கை கழுவுகிறார், கட்டுரை முடிகிறது. முறுக்கு வெந்த சட்டி அன்றிரவு எங்கே கிடந்தது, அதன் விளிம்பைச் சுற்றித் தேன் நிறத்தில் படிந்து இறுகிய எண்ணெய்ப் பிசுக்கை மறுநாள் காலை யார், எதைக் கொண்டு, எவ்வளவு நேரம் தேய்த்தார் என்பதெல்லாம் கட்டுரையாளரின் ஞாபகத்தில் இல்லை. ருசி ஞாபகம் இருக்கிறது, சட்டி இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ அந்த மூலையைக் கதையின் நடுவுக்குக் கொண்டுவந்தது. பாமாவின் ‘கருக்கு’ (1992) மேல்சாதி வீடுகளில் உழைத்த பாட்டிகளைப் பேத்தியின் கண்ணால் பார்த்தது. இவற்றை மேற்கோள் காட்டத் தெரிந்த நம்மவர்களே, தாம் உணவைப் பற்றி எழுத உட்காரும்போது கொல்லைப்புறக் கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறார்கள் என்பதுதான் என் புகார்.

இலக்கிய ஆர்வலர்கள் கூடும் பக்கத்தில் எவர்சில்வர் சட்டியில் பிடித்த எண்ணெய்க் கறைக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்குப் பிடித்தமான இடத்திலிருந்தே தொடங்குகிறேன்: சொல்லிலிருந்து. ‘பத்துப் பாத்திரம்’ என்கிறோம். காற்று காத்தாகவும், நேற்று நேத்தாகவும், வெற்றிலை வெத்தலையாகவும் ஆவதைப் போலப் பற்றுதான் இங்கே பத்தாகியிருக்கிறது. பத்து என்ற எண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பாத்திரத்தில் பற்றிக்கொண்டிருப்பதே பற்று. திருக்குறளின் துறவு அதிகாரம் பேசும் பற்றும் இதே சொல்தான். அந்தப் பற்றை விடுவது எப்படி என்று உரையெழுதி மாளாத நமது மரபு, இந்தப் பற்றை விடுவிப்பது எப்படி என்று ஒரு வரிகூடச் சிந்தித்ததாகத் தெரியவில்லை. அடுத்த சொல் விளக்குதல். பாத்திரத்தை விளக்குவதும் பாடலை விளக்குவதும் தமிழில் ஒரே வினை. நான் விளக்குவதற்கு எனக்கு மாதச் சம்பளமும் விடுமுறையும் ஓய்வூதிய உரிமைக் கோரிக்கையும் இருக்கின்றன. நிற்க.

நமது திரைப்படங்களில் பத்துப் பாத்திரம் தேய்த்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தாய் ஒரு நிரந்தரப் பாத்திரம். அவள் தேய்க்கிறாள், தேய்கிறாள், இருமுகிறாள், பிள்ளை பட்டம் வாங்குகிறான். அந்தத் தேய்த்தல் தேவையா, அதில் எவ்வளவு வீண், வேறு வழி உண்டா என்ற கேள்வி படத்திலும் எழுவதில்லை, வீட்டிலும் எழுவதில்லை. தேய்ப்பு தியாகத்தின் குறியீடாகிவிட்டது. குறியீடுகளுக்கு வேதியியல் தேவைப்படாதல்லவா?

ஆகவே வேதியியலை நானே சொல்லிவிடுகிறேன். சூடேறிய எண்ணெய் வெறுமனே காய்ந்து ஒட்டிக்கொள்வதில்லை. எண்ணெயில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் வெப்பத்திலும் காற்றிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு கைகோத்து, வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. அப்படிப் பின்னிய பிறகு அது எண்ணெயே அல்ல, ஒருவகை வார்னிஷ். ஐரோப்பிய ஓவியர்கள் நிறங்களை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத் தீட்டினார்களே, அந்த ஓவியங்கள் ஐந்நூறு ஆண்டுகளாகத் துணியிலும் பலகையிலும் நிற்பதற்குக் காரணமும் ஏறக்குறைய இதே வினைதான். அங்கே மெல்ல நடப்பது அடுப்பில் விரைவாக நடக்கிறது. சட்டியின் நடுவில், எண்ணெய் ஆழமாக நிற்கும் இடத்தில், கறை குறைவாகவும், எண்ணெய் மட்டத்துக்கு மேலே சுவரிலும் விளிம்பிலும் வெளிப்புறத்திலும் அதிகமாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெறித்த துளி அங்கே மெல்லிய படலமாகப் பரவுகிறது. படலத்துக்குக் காற்றும் கிடைக்கிறது, சூடும் கிடைக்கிறது. எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பே மிகுதி என்பதால் அது எளிதில் இறுகுவதில்லை. சூரியகாந்தி எண்ணெய் அப்படியல்ல, ஆளிவிதை எண்ணெய்க்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். நெஞ்சுக்கு நல்லது என்று நாம் எண்ணெயை மாற்றியபோது, பாத்திரம் விளக்குபவரின் தோள்பட்டைக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே படலம் தோசைக்கல்லில் படிந்தால் அதற்குப் பெயர் கறையில்லை. ‘பழகின கல்’ என்று கொண்டாடுகிறோம். மாமியார் கொடுத்த கல், நாற்பது வருஷத்துக் கல், சோப்புப் போடாதே, தேய்க்காதே என்று காவல் காக்கிறோம். இரும்பில் பாரம்பரியம் என்று பெயர் பெறுவது எவர்சில்வரில் அழுக்கு என்று பெயர் பெறுகிறது. பொருள் ஒன்று; நாம் அதற்கு இடும் மதிப்பு வேறு. அழுக்கு என்பது இடம் மாறிய பொருள்தான் என்று மானிடவியலாளர்கள் சொல்வதை வகுப்பறையில் ஒப்பிக்கும் நாம், அதைச் சமையலறையில் கண்டுகொள்ளத் தவறுகிறோம்.

அது வார்னிஷ் என்றால், அதை அகற்றும் வழியும் வார்னிஷை அகற்றும் வழியாகத்தான் இருக்க வேண்டும். பாத்திரச் சோப்பு புதிய எண்ணெயைத் தூக்கும், பின்னிய வலையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வலையை அறுக்கக் காரம் வேண்டும், சூடு வேண்டும், நேரம் வேண்டும். காரம் அந்த மூலக்கூறுகளின் கணுக்களை அறுத்து அவற்றைச் சோப்பாக மாற்றத் தொடங்குகிறது. முற்றிலும் கரியாகிப்போன துணுக்குகளைக் காரம் கரைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் பசை இளகிவிட்டால் அவையும் பொருக்காக உதிர்ந்துவிடும். ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் 1959-இல் இதை ஒரு வட்டமாக வரைந்தார். துப்புரவு எதுவானாலும் அதில் நான்கு பங்குகள்: வேதிப்பொருள், வெப்பம், நேரம், உராய்வு. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியாக வேண்டும். உலகெங்கும் துப்புரவுத் தொழிலைக் கற்பிப்பவர்கள் இன்றும் முதல் பாடமாகச் சொல்வது இந்த வட்டத்தைத்தான்.

நமது சமையலறையை இந்த வட்டத்தில் வைத்துப் பாருங்கள். கொல்லைக் குழாயில் வருவது பச்சைத்தண்ணீர், ஆகவே வெப்பம் இல்லை. கொடுப்பது ஒரு துண்டு சோப்பு, ஆகவே வேதிப்பொருள் அரைகுறை. அவர் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும், ஆகவே நேரமும் இல்லை. மிஞ்சுவது உராய்வு. வட்டத்தின் நான்கு பங்கையும் ஒரு பெண்ணின் வலது தோளில் ஏற்றிவைத்துவிட்டு, ‘நல்லா அழுத்தித் தேய்’ என்கிறோம். இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. தேய்க்கும் கை மலிவாகக் கிடைக்கும் இடத்தில் மற்ற மூன்றைப் பற்றியும் யோசிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் நேர்வதில்லை. இந்த அறியாமை வசதியானது.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கை கிடையாது. உள்ளே நீர் பீய்ச்சுவதைத் தவிர அதனால் எதையும் தேய்க்க இயலாது. ஆகவே அதை உருவாக்கியவர்கள் மற்ற மூன்று பங்குகளையும் ஒழுங்காக யோசித்தாக வேண்டியிருந்தது: சுடுநீர், சோடியம் கார்பனேட் மிகுந்த காரப்பொடி, நொதிகள், ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட அவகாசம். இயந்திரத்துக்கு இவ்வளவு கரிசனம். அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் என்ற சீமாட்டி 1886-இல் இத்தகைய இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வேலைக்காரர்கள் கழுவும்போது தம் பரம்பரைப் பீங்கான் தட்டுகள் விளிம்பு உடைவதைப் பொறுக்காமல்தான் அவர் இதில் இறங்கினார் என்று அவர் கதை சொல்லப்படுகிறது. தட்டின் விளிம்பு பற்றிய கவலை. கழுவுபவரின் நகக்கண் பற்றியது அல்ல. அங்கேயும் அப்படித்தான்.

இந்த இடத்தில் ‘இயற்கைக்குத் திரும்புவோம்’ நண்பர்கள் குறுக்கிடுவார்கள். அந்தக் காலத்தில் புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் போதுமாக இருந்தன, ரசாயனம் எதற்கு என்பார்கள். இந்த நண்பர்களின் மீது எனக்குக் கோபம் சற்று அதிகம். ஏனென்றால் பழைமையை இவர்கள் போற்றுகிறார்களே ஒழியப் படிக்கவில்லை. புளி பித்தளைக்கும் செம்புக்கும் உரியது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்த உலோகங்களின் மேல் படியும் மங்கலைக் கரைக்கும், அதனால் குத்துவிளக்கு பளிச்சென்றாகும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் புளிக்கு எந்த அதிகாரமும் இல்லை. பிசுக்கை எடுத்தது சாம்பல். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் இருக்கிறது. 1807-இல் ஹம்ஃப்ரி டேவி பிரித்தெடுத்த பொட்டாசியம் என்ற தனிமத்தின் பெயரே, சட்டியில் சேர்த்த சாம்பல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான். எண்ணெய்ச் சட்டியில் சாம்பலைக் கொட்டிய பாட்டி ரசாயனத்தைத்தான் கொட்டினாள். பாத்திரங்கள் பித்தளையிலிருந்து எவர்சில்வருக்கு மாறியபோது நாம் என்ன செய்தோம்? விறகடுப்போடு சாம்பலை விட்டுவிட்டோம். அவசியமே இல்லாத புளியை மட்டும் ‘பாட்டி வைத்தியம்’ என்று கூடவே எடுத்துக்கொண்டு வந்தோம்.

பழைமையில் உண்மையாகவே கற்க வேண்டியது வேறிடத்தில் இருந்தது. ஊரின் துணியை வெளுத்தவர்கள் உவர்மண்ணைக் கரைத்து, அதில் துணியை ஊறவைத்து, இரவெல்லாம் வெள்ளாவியில் அவித்தார்கள். உவர்மண் காரம், ஆவி வெப்பம், இரவு நேரம். சின்னர் வட்டம் வரைவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அந்த வட்டம் ஆற்றங்கரையில் சுழன்றுகொண்டிருந்தது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) படித்தவர்களுக்கு அந்த மக்கள் எங்கே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வெளுத்த துணியை வாங்கிக்கொண்டது ஊர். அவர்கள் அறிவை வாங்கிக்கொள்ளவில்லை. அதனால்தான் துணிக்கு வெள்ளாவி வைத்த சமூகம், எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு வெள்ளாவி வைக்கத் தோன்றாமல் இன்னும் நாரால் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

பத்திரிகைகளின் வீட்டுக்குறிப்புப் பகுதிகளும், அவற்றின் வாரிசுகளான காணொளிகளும் செய்துவரும் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டுங்கள், நுரை பொங்கும், கறை பறக்கும் என்கிறார்கள். நுரை பொங்குவது உண்மை. ஒன்று காரம், மற்றொன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, கரியமில வாயுவும் சோடியம் அசிடேட் கலந்த நீருமாக ஆகிவிடுகின்றன. அந்த நீருக்குப் பிசுக்கை எடுக்கும் திறன் ஏறக்குறைய இல்லை. ஆரவாரத்தோடு தொடங்கி ஒன்றுமில்லாமல் முடியும் இந்த வினை நமது சில இலக்கியச் சர்ச்சைகளை எனக்கு நினைவூட்டும், அது போகட்டும். எவர்சில்வரில் அமிலத்துக்கு வேலை இல்லாமலும் இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரால் படியும் வெள்ளைத் திட்டு சுண்ணாம்பு. அதிக வெப்பத்தில் தோன்றும் வானவில் நிறங்கள் உலோகத்தின் மேற்பரப்பிலுள்ள ஆக்சைடு தடிப்பதால் வருபவை. இவ்விரண்டுக்கும் எலுமிச்சையோ வினிகரோ போதும். பழுப்புப் பிசுக்குக்குக் காரம். எது எதற்கு என்று அறிவதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. அந்த அறிவைத்தான் யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை.

இனி ‘எவர்சில்வர்’ என்ற பெயர். என்றென்றைக்கும் வெள்ளி. ஆங்கிலச் சொற்களால் ஆனாலும் இந்தப் பெயரை நம்மைப் போல வீட்டுச் சொல்லாக ஆக்கிக்கொண்டவர்கள் குறைவு. 1913-இல் ஷெஃபீல்ட் நகரில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்தை ஆராயப்போய் அடைந்த துருவேறா எஃகு, தமிழ் வீட்டில் சீர்வரிசையாக, பெயர் வெட்டிய குடமாக, பழைய பட்டுப்புடவைக்குத் தெருவில் மாற்றிக்கொண்ட அடுக்காக வந்து சேர்ந்தது. வெள்ளி வாங்க முடியாதவர்களின் வெள்ளி அது. ஆகவே அது மின்னியாக வேண்டும். வேலைக்கு வருபவருக்கென்று தனியே ஒரு தம்ளரை ஜன்னல் விளிம்பில் ஒதுக்கிவைக்கும் வீடுகளில் அந்த ஒரு தம்ளரைத் தவிர மற்றெல்லாமே மின்னியாக வேண்டும்.

இந்த மின்னலுக்கும் தூய்மைக்கும் பெரிய உறவில்லை. துருவேறா எஃகைத் துருவிலிருந்து காப்பது அதிலுள்ள குரோமியம், காற்றோடு சேர்ந்து உருவாக்கும் ஒரு படலம். சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினாலும் காற்றுப் பட்டால் தானே ஆறிக்கொள்ளும் தோல் அது. அதன் மேல் இரும்புக் கம்பி நாரைக் கொண்டு அழுத்தித் தேய்த்தால் நேர்வது என்ன? கீறல்களில் அடுத்தமுறை பிசுக்கு இன்னும் உறுதியாகக் கால் ஊன்றும். நாரின் இரும்புத் துணுக்குகள் தங்கி, அவை துருவேறும். ‘எவர்சில்வர் என்று சொல்லித் துருப்பிடிக்கிற பாத்திரத்தைத் தலையில் கட்டிவிட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். துரு நாருடையது. இதற்கு மேல், அடிப்புறத்தில் பிடித்த பழுப்புக் கறை உணவைத் தொடுவதே இல்லை. அதனால் சமையலுக்கு எந்தக் கேடும் இல்லை. அது கெடுப்பது விருந்தாளியின் பார்வையில் வீட்டுக்காரரின் பெயரை மட்டுமே.

பெண்கள் விடுதி ஒன்றின் உணவுக் குழுவில் நான் சில ஆண்டுகள் இருந்ததுண்டு. இருநூறு பேருக்குக் குழம்பு கொதிக்கும் அண்டாக்கள், ஆள் உட்காரும் அளவு வாணலிகள். அவற்றை விளக்க மூன்று பெண்கள். கம்பி நாரை உருட்டித் தேய்க்கும்போது அதன் முனை விரலில் ஏறி உடையும்; ஈரத்திலேயே இருப்பதால் நகச்சுற்று ஆறாது. குழுக் கூட்டத்தில் ஒருமுறை கூட அந்த விரல்கள் பேசுபொருளாகவில்லை. ‘ஆய்வுக் குழு வருகிறது, வாணலி அடி கறுப்பாக இருக்கிறது’ என்பது மட்டும் நிகழ்ச்சி நிரலில் இரண்டு முறை வந்தது. அதே கூட்டத்தில், அடுத்த வாரக் கருத்தரங்குக்கு ‘தலித்தியமும் பெண்ணியமும் சந்திக்கும் வெளி’ என்று தலைப்பு வைப்பது பற்றிப் பத்து நிமிடம் விவாதித்தோம். எரிவாயு அடுப்பு அதே அறையில் இருந்தது. சலவைச் சோடா மூட்டை துணி துவைக்கும் அறையில் இருந்தது. இரண்டையும் ஒன்றுசேர்க்க இருபதடி நடந்தால் போதும். அந்த இருபதடியை முதுகலைப் பட்டங்கள் நிறைந்த ஒரு குழு நடக்கவில்லை. சமையலறையின் மூத்த பெண்மணி ஒருவர்தான், ‘சோடா போட்டுக் கொதிக்கவச்சா வந்துரும்மா, கேஸ் செலவாகும்னு விடமாட்டேங்கறாங்க’ என்றார். எரிவாயுவுக்குக் கணக்கு இருக்கிறது. விரலுக்கு இல்லை.

அந்த அம்மாள் சொன்ன முறை சரியானது, அதை விரித்துச் சொல்கிறேன். சட்டியில் கறை மூழ்கும் அளவுக்கு நீர் விட்டு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டுச் சிறுதீயில் கால் மணி நேரம், இருபது நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பிறகு அடுப்பை அணைத்து அப்படியே விட்டுவிட வேண்டும், இரவு முழுதும் கிடந்தாலும் நல்லது. காலையில் மரக்கரண்டியால் வழித்தால் பெரும்பகுதி தோல்போல உரிந்து வரும். வெளிப்புறக் கறைக்குச் சட்டியையே ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரத்துக்குள் இறக்கி இதே நீரில் வைக்கலாம். அதற்கு வழியில்லையென்றால், சோடாவைக் குழைத்துப் பற்றுப் போட்டு ஈரத்துணியால் மூடி வைக்கலாம். (காயத்துக்குப் பற்றுப் போடுவதும் இதே சொல்தான் என்பதைக் கவனிக்க.) சலவைச் சோடா கிடைக்காத ஊரில் ஆப்பச் சோடாவை வெறும் வாணலியில் நன்றாக வறுத்தால் அது நீரும் கரியமில வாயுவும் இழந்து சலவைச் சோடாவாகவே மாறிவிடும், நூறு கிராம் போட்டால் அறுபத்துமூன்று கிராம் மிஞ்சும். இரண்டு எச்சரிக்கைகள். இண்டாலியம், அலுமினியப் பாத்திரங்களிலும், அடியில் அலுமினியம் வெளித்தெரியும் சட்டிகளிலும் இதைச் செய்யக் கூடாது, காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்கவைக்கும். வெறுங்கையால் அந்த நீரைத் தொடக் கூடாது, எண்ணெயை அறுப்பது தோலின் எண்ணெயையும் அறுக்கும். ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கித் தர வேண்டும். இரண்டுமுறை கொதிக்கவைத்தும் போகாத கறையை அதன் போக்கில் விட்டுவிடலாம். சட்டி சமைப்பதற்கு, முகம் பார்ப்பதற்கு அல்ல.

இப்படிச் சொன்னால் எனக்கு ஒரு பதில் வழக்கமாகக் கிடைக்கும். ‘சோடாவும் வாங்கித் தந்தோம், கையுறையும் தந்தோம், அவர்கள் பயன்படுத்துவதில்லை, பழக்கதோஷம்’ என்பார்கள். சற்றே யோசித்தால் விஷயம் விளங்கும். வீட்டு வேலைக்கான கூலி நம்மிடம் நேரத்தால் அளக்கப்படுவதில்லை. பாத்திரம் மட்டும் இவ்வளவு, துணியும் சேர்த்து இவ்வளவு என்று மாதத்துக்குப் பேசி முடிக்கிறோம். பாத்திரம் எத்தனை, எண்ணெய்ச் சட்டி எத்தனை என்பது பேச்சில் வருவதில்லை. பலகாரம் சுட்ட மறுநாளும், ரசமும் அப்பளமும் மட்டும் வைத்த மறுநாளும் கணக்கில் ஒரே நாள்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டுப் பணியாளருக்கான 189-ஆம் உடன்படிக்கையில் வேலை நேரத்தைக் கணக்கிடச் சொன்னது. தமிழக அரசு 2018-இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கணக்கில் அறிவித்தது. நம் சமையலறைக் கடிகாரம் இவை எதையும் கேள்விப்படவில்லை. நான்கு வீடு பார்ப்பவர் ஒரு வீட்டில் கறை இளகட்டும் என்று காத்திருக்க முடியாது. அப்படியே காத்திருந்தாலும் அது வேலையாகத் தெரியாது. தேய்க்கும் சத்தம் கேட்டால்தான் நமக்கு வேலை நடப்பதாக ஒரு நிம்மதி. சட்டியை ஊறவைத்துவிட்டு ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தால் ‘சும்மா உட்கார்ந்திருக்கிறாள்’ என்போம்.

ஆகவே ஊறவைக்கும் நேரத்தை அவரிடம் எதிர்பார்க்க நியாயமில்லை. அந்த நேரம் வீட்டில் இருப்பவர்களிடம்தான் கிடக்கிறது. முறுக்கோ மீனோ வெந்து முடிந்து, எண்ணெயை வடித்துவிட்டு, சட்டியின் சூடு கை பொறுக்கும் அளவுக்குத் தணிந்ததும், விளிம்பில் தெறித்ததைப் பழைய செய்தித்தாளால் துடைத்தெடுக்க ஒரு நிமிடம் ஆகும். இன்று துடைக்காமல் விட்ட மெல்லிய படலம் அடுத்த சமையலின் சூட்டில் இறுகும், அதன் மேல் இன்னொன்று படியும். நாம் காணும் தடித்த கறை ஒரே நாளில் வந்ததல்ல, பல நாள் சோம்பலின் அடுக்கு. துடைத்த பிறகும் மிஞ்சினால், உறங்கப் போகுமுன் சோடா நீரைக் கொதிக்கவைத்து மூடிவிட்டுப் போகலாம். காலையில் வருபவருக்கு அரை மணி நேரத் தேய்ப்பு ஐந்து நிமிடமாகக் குறையும். மிச்சமான இருபத்தைந்து நிமிடத்துக்குக் கூலியைக் குறைக்கலாமா என்று கேட்கக்கூடிய ஒருவர் இந்தப் பக்கத்தின் வாசகர்களிலும் இருப்பார் என்று அறிவேன். அவருக்கு என் பதில்: இத்தனை ஆண்டுகள் கூடுதலாகத் தேய்த்த அரை மணிகளுக்குப் பாக்கி இருக்கிறது, முதலில் அதைக் கொடுத்துவிட்டு வரட்டும்.